தெரியாத நம்பரில் இருந்து ஒரு கோல்: காசு போடும் முன் கவனிக்க வேண்டியவை

கொம்பனித்தெருவில் சின்னதொரு ரீலோட் கடை நடத்துகிறேன். போர்க்காலத்தில் இதே கடை கொமினிகேஷனாக இருந்தது. வெளிநாட்டில் இருந்து பிள்ளைகளின் கோல் வரும் வரைக்கும் லொட்ஜுகளில் தங்கியிருந்த சனம் இங்கே வாங்கில் காத்திருக்கும். இன்று ஆளுக்கொரு போன் இருக்கிறது. ஏமாற்றுகிறவனும் நேரே ஆளின் காதுக்கே வந்துவிடுகிறான்.

அண்மையில் ஒரு மாலை, முல்லைத்தீவில் இருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த அம்மா ஒருவர் துண்டொன்றில் நம்பர் எழுதிக்கொண்டு வந்தார். "தம்பி, இதுக்கு இருபத்தையாயிரம் போட்டு விடு."

"ஆருக்கம்மா?"

"அதைச் சொல்லக் கூடாதாம்."

மெல்ல மெல்லத்தான் விசயம் வந்தது. 2009 மே மாதம் வட்டுவாகலில் கையளித்த மகன் தெற்கில் ஒரு முகாமில் இருப்பதாகவும், காசு அனுப்பினால் இன்றிரவே பேச வைப்பதாகவும் ஒருவன் சொல்லியிருக்கிறான். மகனின் பெயர், வயது, கையளித்த இடம் எல்லாம் சரியாகச் சொன்னானாம். அதனால்தான் அம்மா நம்பினார்.

அவன் திரும்ப எடுத்தபோது போனை நான் வாங்கினேன். மகனை வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று மட்டும் கேட்டேன். முதலில் ஏசினான், பிறகு கோலை வைத்துவிட்டான். அந்த நம்பரை பிளொக் பண்ணித் தரவா என்று அம்மாவிடம் கேட்டேன். "வேண்டாம் தம்பி, ஒருவேளை…" என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவனுக்கு எப்படி எல்லாம் தெரிந்தது? தேடியவர்களே ஊரறியச் சொன்ன விபரங்கள்தான் அவை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் இருந்து இன்று வரை, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களும் பெயர்களும் பதாகைகளிலும் பத்திரிகைகளிலும் முகநூலிலும் வந்துகொண்டிருக்கின்றன. அப்படித் தேடாமல் வேறெப்படித் தேடுவது? ஆகவே பெயரையும் ஊரையும் சரியாகச் சொல்வது எதற்கும் அத்தாட்சி இல்லை. வெளியில் ஒருபோதும் சொல்லாத ஒன்றைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமோ, செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவோ தகவல் தருவதற்குக் காசு கேட்பதில்லை. இந்த அலுவலகத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள் பலர் என்பது எனக்குத் தெரியும். அது வேறு கதை. அவற்றின் பெயரைச் சொல்லி யாராவது காசு கேட்டால் அது பொய்.

மற்றக் கோல்களுக்கும் குணம் ஒன்றுதான். உடனே செய்ய வேண்டும், ஒருவருக்கும் சொல்லக் கூடாது, காசு ஒரு தனியாளின் நம்பருக்குப் போக வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் போனை வையுங்கள். பரிசு விழுந்திருக்கிறது, அதை எடுக்க முதலில் கட்டணம் கட்டு என்பவனும், வெளிநாட்டு நண்பர் அனுப்பிய பார்சல் கட்டுநாயக்கவில் சுங்கத்தில் நிற்கிறது என்பவனும் இதே ஆட்கள்தான். தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் குறுஞ்செய்தியில் உள்ள இணைப்பைத் தொட்டு வங்கி அட்டை இலக்கத்தைப் போடாதீர்கள்.

வங்கியில் இருந்து பேசுவதாகச் சொல்லி, உங்கள் போனுக்கு வந்த ஓடிபி இலக்கத்தைக் கேட்பவன் வங்கிக்காரன் அல்ல. அந்த இலக்கம் உங்கள் கணக்கின் திறப்பு. வட்ஸ்அப்புக்கு வரும் ஆறு இலக்கமும் அப்படியே. அதைக் கொடுத்தால் உங்கள் வட்ஸ்அப் அவன் கைக்குப் போய்விடும். பிறகு கனடாவில் இருக்கும் தங்கைக்கும் சுவிஸில் இருக்கும் மச்சானுக்கும் "அவசரம், காசு அனுப்பு" என்று உங்கள் பெயரிலேயே எழுதுவான். நம்மவர்களோ கேள்வி கேட்காமல் அனுப்பிப் பழகியவர்கள். போர் நாட்களில் கேள்வி கேட்க நேரம் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. பழைய நம்பருக்கு எடுத்துக் குரலைக் கேளுங்கள். குரலையும் இப்போது கணினியால் போலியாக்கலாம் என்பதால், குடும்பத்துக்குள் ஒரு இரகசியச் சொல் வைத்துக்கொள்வது நல்லது. வட்ஸ்அப் அமைப்புகளில் 'இரு-படிச் சரிபார்ப்பு' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டு வையுங்கள். தெரியாவிட்டால் பிள்ளைகளிடம் கேளுங்கள், என் கடைக்கு வந்தாலும் போட்டுத் தருவேன்.

கேள்விப்படாத நாட்டுக் குறியீட்டுடன் ஒரே ஒரு தரம் அடித்து நிற்கும் மிஸ்ட் கோலுக்குத் திருப்பி எடுக்க வேண்டாம். எடுத்தால் நிமிடக் கட்டணம் எகிறும், அதில் ஒரு பங்கு அவனுக்குப் போகும். ஜப்பானியர் வைத்த 'வங்கிரி' என்ற பெயருக்கு, ஒரு தரம் அடித்து வெட்டுவது என்று பொருள்.

காசு போய்விட்டால் அழுதுகொண்டு இருக்க நேரமில்லை. முதலில் வங்கிக்கு, அட்டையின் பின்பக்கம் உள்ள நம்பருக்கு எடுத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். குறுஞ்செய்திகளையும் பற்றுச்சீட்டையும் அழிக்காதீர்கள். இலங்கை கணினி அவசர தயார்நிலைக் குழுவின் நம்பர் 101. பொலிஸிலும் முறைப்பாடு போடுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. பொலிஸ் வாசல் மிதிக்க எங்கள் ஆட்களுக்குக் கால் கூசும். லொட்ஜுகளில் பதிவு கேட்டு நின்ற காலத்தை யார் மறப்பார்? ஆனாலும் தமிழில் முறைப்பாடு கொடுப்பது அரசியலமைப்பு தந்த உரிமை. விளங்காத சிங்களத்தில் எழுதிய தாளில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. இந்தியாவில் இருப்பவர்கள் 1930க்கும், பிரித்தானியாவில் இருப்பவர்கள் தங்கள் வங்கியுடன் பேச 159க்கும் எடுக்கலாம்.