ஆலையும் ஆட்சியும்: யுகோஸ்லாவியத் தொழிலாளரின் சுயநிர்வாகம்

சோசலிசத்தின் வரலாற்றை எழுதுவோர் சோவியத் யூனியனையும் சீனத்தையும் ஆராயும் அளவுக்கு யுகோஸ்லாவியாவை ஆராய்வதில்லை. 1961இல் பெல்கிறேட் நகரிற் கூடிய அணிசேரா நாடுகளின் முதல் உச்சி மாநாட்டில் இலங்கையும் பங்குகொண்டது; 1976இல் கொழும்பு மாநாட்டுக்கு மார்ஷல் டிட்டோ வந்தார். எனினும் அவருடைய வெளிநாட்டுக் கொள்கையை அறிந்த அளவுக்கு அவர் நாட்டுத் தொழிலாளரின் வாழ்வை நாம் அறிந்தோமல்லோம். ஆலையின் நிர்வாகத்தைத் தொழிலாளரிடமே ஒப்படைக்க முயன்று, பின்னர் தேசப்படத்திலிருந்தே மறைந்துவிட்ட அந்நாட்டின் அனுபவம் நமது ஆழ்ந்த கவனத்திற்குரியது.

1948 ஜூன் 28ஆந் திகதி கொமின்போம் அமைப்பு யுகோஸ்லாவியக் கட்சியை விலக்கியது. சோவியத் அணியுடனான வணிகம் அற்றுப்போனது. அதுவரை சோவியத் திட்டமுறையையே அடியொற்றி நடந்த நாடு தனக்கென ஒரு பாதையைத் தேட வேண்டியதாயிற்று. அத்தேடலின் பயனே 1950 ஜூன் 27ஆந் திகதி நிறைவேறிய சட்டம். தொழிலாளர் தம்முள் இரகசிய வாக்கெடுப்பால் ஒரு மன்றத்தைத் தேர்ந்தெடுப்பர். மன்றம் நிர்வாகக் குழுவைத் தெரிவுசெய்யும். ஆலை அரசின் சொத்தன்று, சமூகத்தின் உடைமை எனப்பட்டது. 1953இல் கூட்டுப்பண்ணைகளை விட்டு விலகும் உரிமை உழவர்க்கும் கிட்டியது; ஒருவர் வைத்திருக்கக்கூடிய விளைநிலத்தின் உச்ச அளவு 10 ஹெக்டெயர் என வரையறுக்கப்பட்டது.

இது வெறும் ஏட்டுச் சட்டமன்று. அடுத்து வந்த ஆண்டுகளில் உலகில் மிக விரைந்து வளர்ந்த பொருளாதாரங்களுள் யுகோஸ்லாவியாவும் ஒன்றாயிற்று. தலைமுறை தலைமுறையாக ஏவல் கேட்டே பழகிய மக்கள் கணக்கேடுகளைப் பார்வையிட்டு ஊதியப் பங்கீட்டை விவாதித்தனர். இதன் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடுதல் நியாயமாகாது.

ஆனால் மன்றத்தின் அதிகாரம் ஆலை வாயிலோடு நின்றது. முதலீட்டுக்கான கடன், முக்கிய பொருள்களின் விலை, பணிப்பாளரின் நியமனம் என்பவற்றிலெல்லாம் கட்சியின் கையே ஓங்கியிருந்தது. சுயநிர்வாகச் சட்டம் இயற்றப்பட்ட அதே காலத்தில், ஸ்டாலின் சார்பினர் எனக் கருதப்பட்டோர் கோலி ஒத்தொக் தீவில் விசாரணையின்றி அடைபட்டுக் கிடந்தனர் என்பதும் மனங்கொளத்தக்கது. கட்சித் தலைவர்களுள் ஒருவரான மிலோவான் ஜிலாஸ் கட்சியின் ஏகபோகத்தைக் கேள்விக்குட்படுத்தி 1954இல் பதவிகளை இழந்தார். பின்னர் சிறையும் சென்றார்.

இம்முரண்பாடு 1958 ஜனவரியில் வெளிப்பட்டது. ஸ்லொவேனியாவின் திர்போவ்லியே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தஞ் செய்தனர். சுரங்கம் தொழிலாளருடையதெனில் அவர்கள் யாரை எதிர்த்து நின்றார்கள்? சட்டம் வேலைநிறுத்தத்தை அனுமதிக்கவுமில்லை; வெளிப்படையாகத் தடுக்கவுமில்லை. அப்படியொன்று நிகழக்கூடுமென்றே அது எண்ணியிருக்கவில்லை.

1965ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் முதலீட்டு அதிகாரத்தை அரசிடமிருந்து வங்கிகளுக்கு மாற்றியது, தொழிலாளர்க்கு மாற்றவில்லை. சந்தைப் போட்டியில் நலிந்த ஆலைகள் ஆட்களைச் சேர்க்கவில்லை. 1971ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 6,70,000க்கும் மேற்பட்டோர் மேற்கு ஜேர்மனி முதலிய நாடுகளிற் கூலிக்கு உழைத்தனர். தலாவருமானத்தில் 1950களின் தொடக்கத்தில் ஸ்லொவேனியா கொசோவோவை விட ஏறக்குறைய 4 மடங்கு உயர்ந்திருந்தது. 1980களின் இறுதியில் அவ்விடைவெளி 7 மடங்கையும் கடந்தது. பின்தங்கிய பகுதிகளுக்கென நிதியம் இருந்தும் அது குறையவில்லை.

இவ்விடத்தில் நாம் ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். ஸ்லொவேனியத் தொழிலாளியும் கொசோவோத் தொழிலாளியும் ஒருங்கிருந்து நாட்டின் வளத்தைப் பங்கிடுவதற்குத் தொழிலாளர்க்கென ஒரு பொது அரங்கு இருக்கவில்லை. பேரம் குடியரசுகளின் தலைவர்களிடையே நடந்தது. 1974ஆம் ஆண்டு யாப்பு அத்தலைவர்களை மேலும் வலுப்படுத்தியது. ஆகவே பொருளாதாரக் குறை ஒவ்வொன்றும் மற்றொரு குடியரசின் மீதான குறையாக உருமாறியது.

1980இல் டிட்டோ மறைந்தபோது வெளிநாட்டுக் கடன் ஏறத்தாழ 2,000 கோடி டொலரை நெருங்கியிருந்தது. கடனைத் தீர்க்கும் சிக்கனம் தொழிலாளரின் தலையில் விழுந்தது. 1989இல் பணவீக்கம் ஆண்டுக்கு 1,000 சதவீதத்தையும் விஞ்சியது. 1988 அக்டோபரில் பெல்கிறேட்டின் ராக்கொவித்சாத் தொழிலாளர் ஊதியங் கேட்டுக் கூட்டாட்சிப் பாராளுமன்றத்தை நோக்கி அணிவகுத்தனர். சேர்பியத் தலைவர் மிலொசெவிச் அவர்கள்முன் உரையாற்றினார். தொழிலாளராக வந்தவர்கள் சேர்பியராகத் திரும்பினர் எனப் பின்னாளில் அந்நாட்டார் கூறினர். அவ்வாண்டு இறுதியில் வந்த நிறுவனச் சட்டம் சுயநிர்வாகத்துக்கு முடிவு கட்டத் தொடங்கியது. 1991இல் போர் மூண்டது.

இவ்வீழ்ச்சியைக் கொண்டு தொழிலாளர்க்கு நிர்வாகத் திறனில்லை என முடிவு கட்டுவோர் வரலாற்றைத் திரிப்பவராவர். தவறியது ஆலைக்குள் நிகழ்ந்த ஜனநாயகமன்று. ஆலைக்கு வெளியே அது மறுக்கப்பட்டமையே தவறு. பேசவும் ஒன்றுசேரவும் ஆள்வோரை மாற்றவும் உரிமையற்ற தொழிலாளிக்கு ஆலையின் உடைமை அரைகுறை உடைமையே. அவ்வுரிமைகள் இருந்தும் ஆலையில் வாய்திறக்க இயலாத தொழிலாளி பல நாடுகளில் இன்றும் உளன். இவ்விரு குறைகளையும் ஒருங்கே களைவது எவ்வாறு என்பதே யுகோஸ்லாவியா நம்முன் விட்டுச் சென்றுள்ள வினாவாகும்.