நடு மைதானத்தில் ஒரு வட்டம்

ஆஸ்திரேலியக் கால்பந்தில் பகைமை ஒரு குடும்பச் சொத்து. எந்தக் கழகத்தை ஆதரிப்பது என்பதோடு எந்தக் கழகத்தை வெறுப்பது என்பதையும் தந்தையிடமிருந்து பிள்ளை பெற்றுக்கொள்கிறது. மெல்போர்னின் உழைப்பாளர் பேட்டைகளில் பிறந்த காலிங்வுட்டும் ரிச்மண்டும் இதற்குத் தக்க சான்று. 1980களின் தொடக்கத்தில் இவ்விரு கழகங்களும் ஒன்றன் ஆட்டக்காரர்களை மற்றொன்று பணத்தால் கவர்ந்துகொள்ளும் போரில் இறங்கின. 1983ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் காலிங்வுட்டை விட்டு ரிச்மண்டுக்குச் சென்றவர்களில் ஒருவர் ஃபில் வால்ஷ்.

பின்னர் அவர் பிரிஸ்பேன் பேர்ஸுக்கு ஆடினார். ஓய்வுக்குப் பின் போர்ட் அடிலெய்டின் உதவிப் பயிற்சியாளராகி, 2004இல் அக்கழகம் கோப்பை வென்றபோது உடனிருந்தார். வெஸ்ட் கோஸ்டில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு மீண்டும் போர்ட் அடிலெய்டுக்கு வந்தார். 2014இன் இறுதியில் அதே நகரத்தின் எதிரிக் கழகமான அடிலெய்டு க்ரோஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது.

பன்னிரண்டு ஆட்டங்களே முடிந்திருந்தன. 2015 ஜூலை 3 அதிகாலையில் அவர் தம் இல்லத்தில் கொல்லப்பட்டார். வயது 55.

அன்றிரவு மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் காலிங்வுட்டும் ஹாதார்னும் மோதின. ஆட்டம் வழக்கமான முரட்டுத்தனத்துடனேயே நடந்தது. ஹாதார்ன் வென்றது, ஆனால் வெற்றிப் பாடல் ஒலிக்கவில்லை. இரு அணியினரும் பயிற்சியாளர்களும் நடு மைதானத்தில் கைகோத்து, ஒரே வட்டமாய்த் தலைகுனிந்து நின்றனர். அவ்வார இறுதியின் பிற ஆட்டங்களிலும் அக்காட்சி தொடர்ந்தது. அடிலெய்டும் ஜீலாங்கும் மோதவிருந்த ஆட்டம் கைவிடப்பட்டது; வெற்றிக்கு உரிய நான்கு புள்ளிகள் இருவருக்கும் இரண்டிரண்டாகப் பகிரப்பட்டன.

இதை வெறும் அனுதாபம் என்று ஒதுக்கிவிட இயலாது. ஒரு மனிதர் பல கழகங்களில் உழைத்திருக்கையில் எதிரணி என்பது யார்? நேற்றைய தோழர்கள்தாமே? பகைமை கழகங்களுக்கு இடையே நிலைத்திருக்க, மனிதர்கள் அவற்றின் எல்லைகளைக் கடந்துகொண்டே இருக்கிறார்கள். 1983இல் காலிங்வுட்டை உதறிச் சென்றவருக்காகக் காலிங்வுட்டின் சீருடையும் அவ்வட்டத்தில் நின்றது.

ஜூலை 19இல் அடிலெய்டும் போர்ட் அடிலெய்டும் சந்தித்தன. இரண்டுமே வால்ஷின் வீடுகள். போர்ட் அடிலெய்டு துளியும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு கோலுக்கு ஆறு புள்ளிகள் கிடைக்கும் அவ்விளையாட்டில் அடிலெய்டு மூன்றே புள்ளிகளில் தப்பிப் பிழைத்து வென்றது. துயருற்றவனுக்கு வெற்றியைப் பிச்சையாக இடாமல், அவனைச் சமமானவனாக எண்ணி முழு வலிமையோடு எதிர்த்து நிற்பதும் மரியாதையே. அவ்வட்டத்திற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று அந்த ஆட்டம்.