சிவகாசி வட்டாரத்தில் தொடக்கநிலை அறிவியல் கல்வி: எரிதல் பாடத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி வட்டாரக் கல்வி வரலாறு, பெரிதும் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பின் வரலாறாகவே பேசப்பட்டு வருகிறது. குழந்தைகளைப் பள்ளிக்குக் கொண்டுவருவதே அதன் மையச் சிக்கல். வந்த குழந்தைக்கு என்ன கற்பிப்பது என்னும் அடுத்த வினாவை, தொடக்கநிலை அறிவியலில் இடம்பெறும் எரிதல் பாடத்தைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

தொழிலும் பள்ளியும்

மழை குறைந்த இக்கரிசல் நிலத்தில் வேளாண்மை நிலையான பிழைப்பாக அமையவில்லை. 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் அதனைச் சிவகாசியில் தொடங்கினர். பட்டாசுத் தொழில் பின்னர் அதனோடு சேர்ந்து வளர்ந்தது. குச்சி அடுக்குதல், பெட்டி ஒட்டுதல் போன்றவை எண்ணிக்கைக்குக் கூலி தரும் வேலைகள். சிறுவர் கைக்கும் பழகக்கூடியவை. எனவே ஒரே குழந்தைக்காகப் பள்ளியும் ‘தீப்பெட்டி ஆபீசும்’ போட்டியிட நேர்ந்தது. விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், பள்ளியின் பக்கம் ஒரு வேளை உணவை வைத்தது. ஆனால் குழந்தை ஈட்டிய கூலிக்கு அது ஈடாகவில்லை.

சட்டம் பின்னர் வந்தது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் இயற்றப்பட்டது. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் முதலில் அளித்த தீர்ப்பு, தீப்பெட்டி உற்பத்தியில் சிறுவரை ஈடுபடுத்தலாகாது என்றது. எனினும் உற்பத்தியிடத்திற்கு அப்பால் பொதி கட்டும் பணியை அனுமதித்தது. 1996 டிசம்பர் 10ஆம் நாள் தீர்ப்பு, அபாயத் தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்காகவும் முதலாளி 20,000 ரூபாயை நல நிதியில் செலுத்த ஆணையிட்டது. வயது, வேலை, கூலி, இழப்பீடு ஆகியவையே இத்தீர்ப்புகளின் அக்கறை. பாடத்தின் உள்ளடக்கம் வகுப்பறைக்கு விடப்பட்டது.

மெழுகுவர்த்தியும் மருந்தும்

ஒரு சுடரைக் கொண்டு சிறுவருக்கு அறிவியல் கற்பிக்கும் மரபு பழையது. இலண்டனில் 1860–61 கிறிஸ்துமஸ் காலத்தில் மைக்கேல் ஃபாரடே இளையோருக்கு ஆற்றிய உரைகளின் பொருள் மெழுகுவர்த்தியே. எரியும் மெழுகுவர்த்தியைக் கண்ணாடிக் குவளையால் மூடினால் அது அணைந்துவிடும். எரிவதற்குக் காற்று தேவை என்பதை இன்றும் வகுப்பறைகள் இவ்வாறே விளக்குகின்றன.

இவ்வட்டாரத்துக் குழந்தைக்கு இப்பாடம் பாதி உண்மையே. வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் சேர்ந்த கலவையைத் தொழிலாளர் ‘மருந்து’ என்பர். அதிலுள்ள வெடியுப்பு, எரிதலுக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தருகிறது. ஆகவே மெழுகுவர்த்தியைப் போல இதனை மூடி அணைக்க இயலாது; அடைபட்ட இடத்தில் எரிந்தால் வாயு பெருகி வெடிக்கும். எரிகின்ற மருந்தை நெருங்காமல் விலகி ஓட வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். அவர்களுள் பலர் தீயைக் கண்டு உதவவும் பார்க்கவும் வந்த சுற்றுவட்டார மக்கள். பாடம் ஒன்றே அவர்களைக் காத்திருக்கும் எனல் மிகையாகும். ஆயினும் அப்பாடம் எங்கே தேவை என்பதை அந்நிகழ்வு காட்டுகிறது.

வட்டார அறிவியலுக்கான முயற்சிகள்

1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், 1987 முதல் வெளிவரும் ‘துளிர்’ சிறுவர் இதழும் செய்து பார்த்துக் கற்கும் முறையைத் தமிழில் பரப்பின. 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, மாணவர் தம் ஊர்ச் சிக்கலையே ஆய்வுப் பொருளாகக் கொள்ள வழி செய்தது. ஆனால் அது 10 வயது நிரம்பியோருக்கானது. தொடக்கப் பள்ளியின் பெரும்பகுதி அதற்கு வெளியே நின்றது. பள்ளி அறிவைப் பள்ளிக்கு வெளியேயுள்ள வாழ்வோடு இணைக்க வேண்டும் என்பதைத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005 வழிகாட்டும் கொள்கையாக ஏற்றது.

முடிவுரை

குழந்தையை ஆலையிலிருந்து பள்ளிக்கு மீட்பதே இவ்வட்டாரக் கல்வியின் முதற்கட்டப் பணியாக இருந்தது. ஆனால் பெற்றோர் பலர் இன்றும் அதே மருந்தோடு பணியாற்றுகின்றனர். தொழிலைக் கற்பிப்பது வேறு, தொழிலின் பொருள்களை விளக்குவது வேறு. வேதிப்பொருள் எதனையும் வகுப்பறைக்குள் கொண்டுவராமலே, மெழுகுவர்த்திச் சோதனைக்குப் பின் ‘எல்லாத் தீயும் மூடினால் அணையுமா?’ என்று ஆசிரியர் கேட்கலாம். வருகைப் பதிவேட்டால் அளக்கப்பட்ட கல்வி, குழந்தையின் வீட்டு அனுபவத்தையும் பாடமாக ஏற்பதற்கு அவ்வினா ஒரு தொடக்கமாக அமையும்.