ஓட்டிசமுள்ள பிள்ளையோடு மலையகம் போவதென்றால்: பொல்பிட்டியவில் தங்குமிடம் தேடியபோது அறிந்தவை

மலையகத்தில் அறை வாடகைக்கு விடும் எவரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: "ரொம்ப அமைதியான எடம் ஐயா." அவர்கள் பொய் சொல்வதில்லை. கொழும்பிலிருந்து வருகிறவருக்கு அது அமைதியான இடம்தான். ஆனால் ஓட்டிசமுள்ள பிள்ளையை வளர்ப்பவர்களுக்கு அமைதி என்ற சொல்லின் பொருள் கொஞ்சம் வேறு. கடந்த வருடம் கிளிநொச்சியிலிருந்து பொல்பிட்டிய பக்கம் மூன்று நாள் போய்வருவதற்காக இரண்டு மாதம் தொலைபேசியில் விசாரித்தேன். அதில் அறிந்தவற்றையும் அங்கே பார்த்தவற்றையும் எழுதி வைத்தால், எங்களைப்போல எங்கும் போகாமல் வீட்டோடு இருக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

எங்கள் மகனுக்குப் பத்து வயது. சில சொற்கள்தான் பேசுவான். மிக்சி, ஓட்டோ ஹோர்ன், நாய் குரைப்பு, பிள்ளைகள் கூட்டமாகக் கத்துவது எதையும் தாங்கமாட்டான். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குந்திவிடுவான். அதைப் பார்க்கும் எங்கள் சனம், "செல்லடிக்குள்ள தாய் பட்ட பயம்தான் பிள்ளைக்கு இறங்கியிருக்கு" என்று சொல்லும். அவன் பிறந்தது யுத்தம் முடிந்து ஐந்து வருடங்களுக்குப் பிறகு. இருந்தாலும் அந்தக் கதை என் மனைவியை நெடுநாள் வருத்தியது. ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: ஓட்டிசம் மூளை வளர்ச்சியில் பிறப்பிலிருந்தே உள்ள வேறுபாடு. பங்கருக்குள் பயந்ததாலோ, தாய் தூக்கிக் கொஞ்சாததாலோ வருவதல்ல. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில், ஒலி, ஒளி, தொடுகை, மணம் போன்றவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வதும் ஓட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. இலங்கையில் 2009இல் வெளியான ஆய்வொன்று 18 முதல் 24 மாதம் வரையான பிள்ளைகளில் 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கணித்தது. ஆகவே இது அபூர்வமான விடயமும் அல்ல.

பொல்பிட்டியவை ஏன் தெரிந்தோம் என்றால், அது நுவரெலியா அல்ல என்பதற்காகத்தான். நுவரெலியா மாவட்டத்துக்குள் இருந்தாலும் அது உயரமான குளிர் இடமல்ல. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகும் பள்ளத்தாக்கு அது. 1969இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையம் அங்கே இருக்கிறது. மேலே லக்ஷபான, நோர்ட்டன் பிரிட்ஜ், கீழே கித்துல்கல. தேயிலையோடு றப்பரும் காடும் கலந்த பகுதி. வெக்கையும் ஈரமும் இருக்கும். எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று. கம்பளிச் சட்டை, தொப்பி, காலுறை எதையும் உடலில் வைத்திருக்காத பிள்ளையை நுவரெலியாக் குளிருக்குக் கொண்டுபோனால் பாதி நேரம் உடுப்புச் சண்டையிலேயே போய்விடும். குளிரை விரும்பும், பாரமான கம்பளி மேலே கிடந்தால்தான் உறங்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஹற்றனோ நுவரெலியாவோ நல்லது.

சத்தத்தைப் பற்றி நான் விளங்கிக்கொண்டது இதுதான். எங்கள் பிள்ளைகளைக் குழப்புவது பெரும்பாலும் சத்தத்தின் அளவு அல்ல, அது எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாமல் இருப்பது. ஆற்றங்கரையில் நாள் முழுக்க ஒரே இரைச்சல். அதற்கு அவன் காதைப் பொத்தவே இல்லை. அந்த இரைச்சல் மற்றச் சத்தங்களை மூடியும் விட்டது. அருவிக்குப் பக்கத்திலுள்ள அறை பலருக்குச் சத்தமாகத் தோன்றலாம், எங்களுக்கு அது நல்ல அறை. மறுபக்கம், முழு நிசப்தமான பங்களாவில் இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் வெடி கொளுத்தினால் அந்த இரவு முடிந்தது. பன்றியையும் குரங்கையும் விரட்டத் தோட்டப் பக்கங்களில் வெடி போடுவார்கள். இதை நான் பிள்ளைக்காக மட்டும் சொல்லவில்லை. இரவில் எதிர்பாராமல் ஒரு வெடி கேட்டால் எங்களில் எத்தனை பேர் இன்றும் படுக்கையில் எழுந்து உட்காருகிறோம்? தாய் திடுக்கிட்டால் பக்கத்தில் கிடக்கும் பிள்ளையும் திடுக்கிடும். ஆகவே வெடியைப் பற்றிக் கேட்க வெட்கப்பட வேண்டாம். "இரவில் பன்றிக்கு வெடி போடுவாங்களா?" என்று நேரே கேளுங்கள். ஒளிக்காமல் சொல்வார்கள்.

அடுத்தது காலம். இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. பாடசாலை விடுமுறை வழமையாக வரும் மூன்று மாதங்களும் எங்களுக்கு ஒத்துவராதவை. ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம், வாகன ஓட்டப்போட்டி, சனநெரிசல். புத்தாண்டு வெடியும் சேர்ந்துகொள்ளும். ஓகஸ்டில் தென்மேற்குப் பருவமழை. மேற்குச் சரிவான கித்துல்கல, வட்டவளைப் பக்கம் நாட்டிலேயே அதிகம் மழை விழும் இடங்களில் ஒன்று. டிசம்பர் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலை யாத்திரை தொடங்கி மே மாத வெசாக் வரை நடக்கும். கொழும்பிலிருந்து ஹற்றன் வீதியால் போகும் பஸ்களில் பாட்டும் ஹோர்னும் நிற்காது. கித்துல்கல ஆற்றில் றப்பர் படகுச் சவாரிக்கு வருகிற கூட்டம் வார இறுதியிலும் போயா விடுமுறையிலும் நிறையும். பிள்ளை ஒழுங்காகப் பாடசாலை போகாதவனாக இருந்தால், அல்லது அதிபர் மூன்று நாள் லீவு தருவாரானால், பெப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒரு செவ்வாய் முதல் வியாழன் வரை போங்கள். மழையும் குறைவு, ஆட்களும் குறைவு, வாடகையிலும் பேசிப் பார்க்கலாம்.

அந்த மாதங்களில் தோட்டத்து மாரியம்மன் திருவிழாக்களும் காமன் கூத்தும் வரும். தப்பு, ஒலிபெருக்கி, கரகம் என்று இரவிரவாக நடக்கும். வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்கும் சனத்துக்கு அது சொந்த நாள். சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதற்கு எங்களுக்கு உரிமை இல்லை. திகதியைக் கேட்டு வேறு நாளில் போவதுதான் முறை. திருவிழாத் திகதி தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். வீட்டுக்காரருக்குத் தெரியாவிட்டாலும் அங்கே சமைக்கிற அப்புவுக்கோ வாச்சருக்கோ தெரியும்.

தொலைபேசியில் "அமைதியா?" என்று கேட்பதில் பயனில்லை. நான் கேட்டவை இவை: கோயில், விகாரை, பள்ளிவாசல் ஒலிபெருக்கி எவ்வளவு தூரம்? தேயிலைத் தொழிற்சாலை பக்கத்திலா? கொழுந்து வாட்டும் பெரிய விசிறிகள் இரவிலும் ஓடும், விடியுமுன் உருளை இயந்திரங்கள் தொடங்கும், மணமும் வரும். மொத்தம் எத்தனை அறை, எங்களோடு வேறு ஆட்கள் தங்குவார்களா? நாய் உண்டா, கட்டியிருக்குமா? கரண்ட் போனால் ஜெனரேற்றர் எங்கே நிற்கிறது? கூரை தகரமா, ஓடா, உள்ளே சீலிங் இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியைச் சிலர் சிரித்தார்கள். தகரக் கூரையில் மலையகத்து மழை விழும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது.

இதைவிடப் பெரிய உதவி செய்தது ஒரு சின்ன யோசனை. விடிய ஐந்து மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் அறைக்குள்ளே நின்று ஒரு நிமிடம் குரல் பதிவு செய்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். ஐந்து பேரிடம் கேட்டதில் இரண்டு பேர் அனுப்பினார்கள். ஒன்றில் பக்கத்து மண்டபத்துப் பாட்டுக் கேட்டது. மற்றதில் ஆற்றுச் சத்தம் மட்டும். நாங்கள் போனது அந்த இரண்டாவது வீட்டுக்கு. மூன்றே அறை, மூன்றையும் நாங்களே எடுத்தோம். உறவினர் ஒரு குடும்பமும் சேர்ந்தபடியால் செலவு தாங்கக்கூடியதாக இருந்தது. பெரிய ஹோட்டலில் ஒரு அறையைவிடச் சின்ன வீடொன்றை முழுதாக எடுப்பது எங்கள் பிள்ளைகளுக்கு எப்போதும் நல்லது. மின்சார சபைக்கும் வேறு சில திணைக்களங்களுக்கும் மலையகத்தில் சேர்கிட் பங்களாக்கள் இருக்கின்றன. அரச வேலையிலுள்ள சொந்தக்காரர் யாராவது இருந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

மணமும் வெளிச்சமும் பலர் யோசிக்காத விடயங்கள். பழைய பங்களாக்களில் சிவப்புத் தரைக்குப் பொலிஷ் போட்டுத் தேய்ப்பார்கள். குளியலறையில் பூச்சி உருண்டை கிடக்கும். அறைக்குள் நுளம்புத்திரி எரியும். நாங்கள் வருவதற்கு முந்திய இரண்டு நாள் பொலிஷ் போடவேண்டாம், பூச்சி உருண்டையை எடுத்துவிடுங்கள், நுளம்பு வலை போதும் என்று சொன்னோம். இமைக்கிற ரியூப் லைற் இருந்தால் அதை அணைத்துவிட்டு வீட்டிலிருந்து கொண்டுபோன மேசை விளக்கைப் பாவிக்கலாம். தலையணையும் விரிப்பும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், புதிதாகத் தோய்க்காமல். பிள்ளைக்குத் தன் வீட்டு மணம் வேண்டும்.

இனிச் சொல்வதை மற்ற எல்லாவற்றையும்விடக் கவனமாக வாசியுங்கள். ஓட்டிசமுள்ள பல பிள்ளைகளுக்குத் தண்ணீர் மீது பெரிய ஈர்ப்பு. அமெரிக்காவில் 2012இல் வெளியான ஆய்வொன்றில், ஓட்டிசமுள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் நான்கு வயதுக்குப் பிறகு ஒரு தடவையாவது சொல்லாமல் வெளியேறியிருக்கிறார்கள் அல்லது வெளியேற முயன்றிருக்கிறார்கள் என்று பெற்றோர் சொன்னார்கள். அப்படிப் போகும் பிள்ளைகளுக்கு நேரும் மரணங்களில் நீரில் மூழ்குவது முக்கிய காரணம். பொல்பிட்டியவில் இதற்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மின் உற்பத்திக்காக நீர் விடப்படுவதால் மழை இல்லாத நாளிலும் ஆற்றின் மட்டம் உயரலாம். மழைக்காலத்தில் மேலேயுள்ள அணைகளின் வான்கதவுகள் திறக்கப்படும். காலையில் முழங்கால் அளவு இருந்த இடம் பின்னேரம் அப்படி இருக்கும் என்று நம்ப முடியாது. ஆற்றுச் சத்தம் கேட்கவேண்டும், ஆனால் ஆற்றுக்குப் போகும் படி வீட்டு முற்றத்திலிருந்து தொடங்கக்கூடாது. இந்த இரண்டும் சேர்ந்த வீடு கிடைக்கச் சுணங்கும், தேடத்தான் வேண்டும். வாசல்கதவின் தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று படம் கேளுங்கள். நாங்கள் கதவில் கட்ட ஒரு சின்ன மணியும் கொண்டுபோனோம். மழை பெய்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். எச்சரிக்கை வந்தால் பயணத்தை நிறுத்துங்கள், முற்பணம் போனாலும் சரி.

பிள்ளையின் சட்டைப் பையில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதிய அட்டை ஒன்று இருக்கட்டும்: இவருக்கு ஓட்டிசம், பேசமாட்டார், பிடித்து இழுக்கவேண்டாம், இந்த இலக்கத்துக்கு அழையுங்கள். 2020 மே மாதம் களுத்துறை மாவட்டத்தின் தர்கா நகரில், ஓட்டிசமுள்ள 14 வயதுச் சிறுவன் ஒருவன் பொலிஸ் சோதனைச் சாவடியில் தாக்கப்பட்டது நினைவிருக்கும். "நில்" என்றால் நிற்காத, பெயர் கேட்டால் சொல்லாத பிள்ளை சீருடைக்காரர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கிளினிக் கொப்பியின் பிரதியையும் வாகனத்தில் வைத்திருங்கள்.

சாப்பாட்டை அப்புவோடு முதலிலேயே பேசிவிடுங்கள். எங்கள் மகன் வெள்ளைப் புட்டும் சீனியும், குத்தரிசிச் சோறும் பருப்பும் தவிர வேறெதையும் தொடமாட்டான். அரிசியும் மாவும் கொண்டுபோனோம். "புள்ளைக்கு நாங்க வேற ஏதாச்சும் செஞ்சி தாரோம்மா" என்று அந்த அப்பு அன்போடு இரண்டு தடவை கேட்டார். மூன்றாம் தடவை புட்டு அவிப்பதற்கு வழி கேட்டார். தட்டும் கோப்பையும்கூட வீட்டிலிருந்து போனவைதான்.

போவதற்கு ஒரு கிழமைக்கு முன் வீட்டுக்காரர் அனுப்பிய படங்களை அச்சிட்டு ஒரு சின்னக் கொப்பி செய்தோம்: வான், வீதி வளைவு, வாசல், கட்டில், கழிவறை, மீண்டும் எங்கள் வீடு. கரோல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 1990 அளவில் தொடங்கிய கதை முறை இதற்கு அடிப்படை. ஒவ்வொரு இரவும் பார்த்தான். "இரண்டு நித்திரை, பிறகு வீடு" என்று சொல்லிக் கொடுத்தோம். கினிகத்தேனையிலிருந்து இறங்கும் வளைவுகளில் சத்தி வரும். அதற்காக இரண்டு இடத்தில் நிறுத்தி நடக்கவிட்டோம். தனியார் பஸ் வேண்டவே வேண்டாம்.

லண்டனில், கனடாவில் இருக்கும் உறவுகள் கேட்பார்கள், அங்கே அடையாளம் காட்டும் ஏற்பாடு ஒன்றும் இல்லையா என்று. லண்டன் கட்விக் விமான நிலையத்தில் 2016இல் தொடங்கிய சூரியகாந்திக் கழுத்துப்பட்டி இன்று பல நாடுகளில் தெரிந்த அடையாளம். அமெரிக்காவின் மேசா நகரம் 2019இல் ஓட்டிசத்துக்கான சான்றிதழே பெற்றது. மலையகத்துச் சின்ன விடுதிகளில் அப்படியொரு பலகையை நான் காணவில்லை. இங்கே நாங்கள்தான் வாய் திறந்து சொல்லவேண்டும். நுவரெலியாவில் ஒரு விடுதி, விவரம் சொன்னதும் "மற்ற ஆக்களுக்குக் கரைச்சல்" என்று மறுத்தது. வந்து இறங்கிய பிறகு முகம் சுழிப்பதைவிட அது நல்லது. பொல்பிட்டிய வீட்டுக்காரர் கேட்டது ஒன்றே: "புள்ள அழுதா நாங்க உள்ள வரலாமா, வராம இருக்கணுமா?" வராமல் இருப்பது நல்லது என்றேன். இரண்டாம் இரவு மகன் முக்கால் மணித்தியாலம் கத்தினான். ஒருவரும் கதவைத் தட்டவில்லை. என் மனைவி பிறகு ஆறு மணித்தியாலம் தொடர்ந்து உறங்கினாள்.

இந்த வருடமும் மார்ச்சில் அதே வீடு, அதே அறை, அதே கட்டில் என்று சொல்லி வைத்திருக்கிறோம். புது இடம் பார்க்கும் ஆசை மூத்த மகளுக்கு இருக்கிறது. அவளைத் தனியாக ஒருநாள் லக்ஷபான நீர்வீழ்ச்சிக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு.