பிரித்தானியத் தீயணைப்பு வீரர் தேர்வின் வரலாறு

பிரித்தானியாவில் தீயணைப்பு வீரர் பணிக்கு விண்ணப்பிப்பவர் இன்று எழுத்துத் தேர்வு அல்லது இணையவழித் தேர்வு, உடற்தகுதித் தேர்வு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை ஆகிய கட்டங்களைக் கடக்க வேண்டும். இவற்றுள் நேர்காணல் பலருக்கு வியப்பளிப்பதாகும். நெருப்பின் தன்மை, குழாய்களின் அளவு போன்றவற்றைப் படித்துச் செல்பவரிடம், பிறருடன் சேர்ந்து வேலை செய்த அனுபவம், தவறு நடந்தபோது எடுத்த முடிவு, தம்மிலிருந்து வேறுபட்ட மக்களிடம் நடந்துகொண்ட விதம் ஆகியவையே பெரிதும் கேட்கப்படுகின்றன. இக்கேள்விகளுக்குப் பின்னால் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகால வரலாறு உள்ளது. தீயணைப்பாளர் என்பவர் யார் என்று ஒவ்வொரு காலமும் எண்ணியதோ, அதற்கேற்பவே ஆட்களைத் தேர்ந்தெடுத்தது.

எடின்பரோவில் கைவினைஞர்கள்

நகராட்சியின் கீழ் முறையான பயிற்சியுடன் இயங்கிய முதல் தீயணைப்புப் படைகளுள் ஒன்று, 1824-இல் இசுக்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் உருவானது. அதன் தலைவராக நியமிக்கப்பட்ட சேம்சு பிரெய்ட்வுட்டிற்கு அப்போது வயது 24. அவர் பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே, அவ்வாண்டு நவம்பரில், எடின்பரோப் பெருந்தீ நகரின் பழைய பகுதியில் பெரும் அழிவை ஏற்படுத்தியது. கட்டளையிடும் அதிகாரம் யாருக்கு என்ற குழப்பமும், பயிற்சியற்ற ஆட்களும் இழப்பைப் பெருக்கின.

பிரெய்ட்வுட் தம் ஆட்களைத் தொழில் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். கூரை வேய்பவர்கள் உயரத்திற்கு அஞ்சமாட்டார்கள். கூரைகளின் அமைப்பும் அவர்களுக்குத் தெரியும். தச்சரும் கொத்தரும் ஒரு கட்டடத்தின் எப்பகுதி முதலில் சரியும் என்பதை அறிவார்கள். கொல்லரும் குழாய் வேலை செய்பவரும் தண்ணீர் இறைக்கும் பொறியையும் அதன் இணைப்புகளையும் கையாளக் கூடியவர்கள். 17 முதல் 25 வயது வரையிலான இளைஞர்களையே அவர் விரும்பினார். ஆக, முதல் தகுதி தொழிலறிவாக இருந்தது. தம் முறைகளை அவர் 1830-இல் நூலாக வெளியிட்டார்.

இலண்டனில் மாலுமிகள்

1833-இல் இலண்டனின் காப்பீட்டு நிறுவனங்கள் தத்தம் தீயணைப்புக் குழுக்களை ஒன்றிணைத்து ஒரே அமைப்பாக்கின. ஏறத்தாழ 80 பேர் கொண்ட அந்த அமைப்புக்குத் தலைமையேற்க பிரெய்ட்வுட் அழைக்கப்பட்டார். எடின்பரோவில் ஆட்கள் தம் தொழிலைச் செய்துகொண்டே பகுதிநேரமாகத் தீயணைத்தனர். இலண்டனிலோ அது முழுநேரப் பணியானது. இரவும் பகலும் காத்திருத்தல், எப்போது அழைப்பு வரும் என்று தெரியாத வாழ்க்கை, கட்டளைக்கு உடனே கீழ்ப்படிதல் ஆகியவை தேவைப்பட்டன. இவற்றுக்கு மாலுமிகளே பொருத்தமானவர்கள் என்ற கருத்து வலுப்பெற்றது.

1861 சூன் 22 அன்று தேம்சு ஆற்றங்கரையில் இருந்த தூலி தெருவின் கிடங்குகள் தீப்பற்றின. சுவர் இடிந்து விழுந்ததில் பிரெய்ட்வுட் உயிரிழந்தார். பெரும் இழப்பைச் சந்தித்த காப்பீட்டு நிறுவனங்கள், நகரின் தீயணைப்புச் சுமையை இனித் தாங்க இயலாது என அரசிடம் தெரிவித்தன. 1865-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநகரத் தீயணைப்புப் படை உருவாகி, 1866 முதல் பொதுச் செலவில் இயங்கியது. அதன் தலைவர் ஐர் மாசே சா 1891 வரை பதவியில் இருந்தார். அவர் மாலுமிகளையே சேர்த்துக்கொள்வதை நடைமுறையாக்கினார். வீரர்கள் குடும்பத்துடன் நிலையத்திலேயே வசித்தனர். ஓய்வு மிக அரிது. இன்றும் பிரித்தானிய நிலையங்களின் பணிக்குழுக்கள் கப்பல் வழக்கில் 'வாட்ச்' என்றே அழைக்கப்படுகின்றன.

இம்முறைக்கு மறுபக்கமும் உண்டு. கடலைக் காணாத ஒருவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் அவருக்கு வாசல் திறக்கவில்லை. பிரெய்ட்வுட் எடின்பரோவில் தேடிச் சேர்த்த தச்சரும் கொத்தரும் இப்போது வெளியே நின்றனர். வசதிக்காகத் தொடங்கிய ஒரு விருப்பம், காலப்போக்கில் தகுதியின் இலக்கணமாகவே மாறியது.

போர் காட்டிய உண்மை

இரண்டாம் உலகப் போர் நெருங்கியபோது, 1938 முதல் துணைத் தீயணைப்புச் சேவைக்கு ஆட்கள் சேர்க்கப்பட்டனர். வாடகைக் கார் ஓட்டுநர்கள், கடைப் பணியாளர்கள், எழுத்தாளர்கள், ஓவியர்கள் எனப் பல துறையினர் அதில் இணைந்தனர். பெண்கள் தொலைபேசி இயக்குநர்களாகவும், வாகன ஓட்டுநர்களாகவும், செய்தி கொண்டுசெல்லும் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளாகவும் குண்டுவீச்சின் நடுவே பணியாற்றினர். 1940 செப்டம்பர் முதல் 1941 மே வரை இலண்டன் மீது நடந்த வான் தாக்குதல்களில், நகரைக் காத்தவர்களுள் பெரும்பாலோர் இத்தகைய புதியவர்களே. 1941-இல் எல்லாப் படைகளும் தேசியத் தீயணைப்புச் சேவையாக இணைக்கப்பட்டன. 1948-இல் பொறுப்பு மீண்டும் உள்ளாட்சிகளிடம் சென்றது. தீக்களத்தின் வாசல் பெண்களுக்கு மீண்டும் மூடியே இருந்தது.

வாசலில் நின்றவர்கள்

பிரித்தானிய கயானாவில் பிறந்த பிராங்க் பெய்லி 1953-இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். கறுப்பினத்தவருக்குப் போதிய உடல்வலிமையோ கல்வியோ இல்லை என்பதால் தீயணைப்புப் படைகள் அவர்களைச் சேர்ப்பதில்லை என்ற பேச்சு அவர் காதுக்கு எட்டியது. அதைச் சோதித்துப் பார்க்கவே அவர் விண்ணப்பித்தார். 1955-இல், இன்றைய கிழக்கு இலண்டனில் உள்ள வெஸ்ட் ஆம் படையில் சேர்ந்தார். பதவி உயர்வுகளில் தொடர்ந்து ஒதுக்கப்பட்ட அவர், 1965-இல் பணியை விட்டு விலகிச் சமூகப் பணியாளரானார். தேர்வில் வெல்வதும் பணியில் சமமாக நடத்தப்படுவதும் வெவ்வேறு என்பதை அவரது பத்தாண்டுக்காலம் காட்டுகிறது.

பெண்களுக்கு நிலைமை மேலும் கடினமாக இருந்தது. ஆண்களை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட 5 அடி 6 அங்குலக் குறைந்தபட்ச உயரம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. 1975-ஆம் ஆண்டுப் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வாசலைத் திறந்தது. 1982-இல் சூ பேட்டன் இலண்டன் தீயணைப்புப் படையின் முதல் பெண் வீரரானார். 1988-இல் தம் 18-ஆம் வயதில் சேர்ந்த டேனி காட்டன், 2017-இல் அப்படையின் முதல் பெண் ஆணையரானார். உயர வரம்பு பின்னர் நீக்கப்பட்டு, பணியை ஒத்த செயல்முறைச் சோதனைகள் அதன் இடத்தைப் பெற்றன. 55 கிலோ எடையுள்ள பொம்மையை 30 மீட்டர் இழுத்துச் செல்லுதல், ஏணியேறுதல், கண் மறைக்கப்பட்ட நிலையில் குறுகிய இடத்தைக் கடத்தல், கருவிகளைச் சுமந்து செல்லுதல் ஆகியவை அவற்றுள் சில. உருவ அளவுக்குப் பதிலாகச் செயலே அளவுகோலாயிற்று.

பணி மாறியது, கேள்வியும் மாறியது

2004-ஆம் ஆண்டுத் தீயணைப்பு மற்றும் மீட்புச் சேவைகள் சட்டம், இங்கிலாந்திலும் வேல்சிலும் தீத்தடுப்பு விழிப்புணர்வைப் படைகளின் சட்டப்பூர்வக் கடமையாக்கியது. சாலை விபத்து மீட்பும் அவ்வாறே கடமையானது. தீயணைப்பு வீரர் இப்போது தீப்பிடிக்காத வீடுகளின் கதவையும் தட்டுகிறார். முதியவரின் சமையலறையைப் பார்க்கிறார். புகை எச்சரிக்கைக் கருவியைப் பொருத்துகிறார். அயலார் ஒருவரை நம்பி வீட்டுக்குள் அழைக்க வேண்டிய பணியில் நடத்தையும் ஒரு திறனாகிறது.

அதே காலத்தில் தேர்வுமுறைகளும் மாறின. குழுப்பணி, தெளிவான பேச்சு, மன உறுதி, சூழலை உணர்தல், நேர்மை, பன்முகத்தன்மையை மதித்தல் போன்ற பண்புகள் வகுக்கப்பட்டு, நேர்காணல் கேள்விகள் அவற்றின் அடிப்படையில் அமைந்தன. 2021-இல் இங்கிலாந்துப் படைகளுக்கான பொது அறநெறிக் கோட்பாடு ஐந்து கூறுகளுடன் வெளியிடப்பட்டது: சமூகத்தை முன்னிறுத்தல், நேர்மை, கண்ணியமும் மரியாதையும், தலைமைப் பண்பு, சமத்துவமும் பன்முகத்தன்மையும்.

இது வெறும் சொல்லலங்காரம் அன்று. பயிற்சி நிலையில் இருந்த இளைஞர் ஒருவர் 2020-இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டதைத் தொடர்ந்து, இலண்டன் படையின் பணிச்சூழல் குறித்துத் தனி ஆய்வு நடத்தப்பட்டது. முன்னாள் அரசு வழக்குரைஞர் நசீர் அப்சலின் தலைமையிலான அந்த ஆய்வு, 2022 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில், படையில் பெண் வெறுப்பும் இனவெறியும் நிறுவன அளவில் ஊன்றியிருப்பதாகக் கூறியது. உடன் பணிபுரிபவரிடம் ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்ற கேள்விக்கு உயிரின் விலை உண்டு என்பதை அது உணர்த்தியது.

நேர்காணலுக்கு ஆயத்தமாதல்

விண்ணப்பதாரரின் ஆயத்தம் இவ்வரலாற்றிலிருந்தே தெளிவாகிறது. முதலாவதாக, தாம் விண்ணப்பிக்கும் படையின் பகுதியை அவர் அறிந்திருக்க வேண்டும்: அங்குள்ள அடுக்ககங்கள், ஆறுகள், நெடுஞ்சாலைகள், தனித்து வாழும் முதியோர் ஆகியவை பணியின் தன்மையைத் தீர்மானிக்கின்றன. இரண்டாவதாக, கேள்விகள் பெரும்பாலும் நடந்த நிகழ்வையே கேட்கும். எனவே நிலைமை என்ன, தம் பொறுப்பு என்ன, தாம் செய்தது என்ன, விளைவு என்ன என்ற வரிசையில் சொந்த அனுபவங்களைத் தொகுத்துக்கொள்வது வழக்கம். கடை, விளையாட்டுக் குழு, வீடு ஆகிய எங்கு நடந்ததும் ஏற்புடையதே. 'நாங்கள் செய்தோம்' என்பதோடு நில்லாமல், தம் பங்கு எது என்று தெளிவாகச் சொல்வது முக்கியம். தோல்வியைப் பற்றிக் கேட்டால் அதை மறைக்காமல், அதிலிருந்து கற்றதைக் கூறுவதே பொருத்தமான விடையாகும்.

கூரையேறும் துணிவு, கப்பலின் ஒழுங்கு, குறிப்பிட்ட உயரம் என ஒவ்வொரு காலமும் ஓர் அளவுகோலை வைத்தது. ஒவ்வொன்றும் சிலரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தது; தகுதியான சிலரைக் காரணமின்றித் திருப்பி அனுப்பியது. இன்றைய நேர்காணலும் அத்தகைய ஓர் அளவுகோலே. அது எதை அளக்க முயல்கிறது என்பதைப் புரிந்துகொண்டு செல்பவருக்கு, மனப்பாடம் செய்த விடைகள் தேவைப்படுவதில்லை.