கொக்கலையிலிருந்து பேர்த்: இரண்டு சூரிய உதயம் கண்ட பயணம்



இன்று உலகில் எங்கும் இறங்காமல் மிக நீண்ட தூரம் செல்லும் பயணிகள் விமானம் சிங்கப்பூருக்கும் நியூயோர்க்குக்கும் இடையே பறக்கிறது. சுமார் 15,300 கிலோமீற்றர். 18, 19 மணித்தியாலம் பிடிக்கும். ஆனால் நேரத்தைக் கணக்கெடுத்தால் அதையும் மிஞ்சிய சேவை ஒன்று நம் நாட்டிலிருந்தே நடந்தது. காலிக்கு அருகே கொக்கலை, அங்கிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த். தூரம் சுமார் 5,650 கிலோமீற்றர்தான். எடுத்த நேரமோ 27 முதல் 33 மணித்தியாலம்!

ஏன் அப்படி ஒரு பயணம்? அதற்கு முன் இங்கிலாந்து – அவுஸ்திரேலியா விமானத் தபால் சிங்கப்பூர் வழியாக, இடையிடையே இறங்கி எரிபொருள் நிரப்பிப் போனது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. பாதை அறுந்தது. ஏப்ரல் 9இல் யுத்தம் நம் வாசலுக்கே வந்தது. அன்று திருகோணமலையில் குண்டு விழுந்தது. அதே நாளில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டு 300இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தக் கப்பல் இன்றும் நம் கடலடியில்தான் கிடக்கிறது.

அறுந்த பாதையை இணைக்க 1943இல் குவாண்டாஸ் நிறுவனம் கட்டலினா விமானங்களை இறக்கியது. இவை நீரிலேயே இறங்கி நீரிலிருந்தே எழும்புபவை. ஓடுபாதை வேண்டாம், அமைதியான களப்பு போதும். வேகம் மணிக்கு 200 கிலோமீற்றர் அளவில். எரிபொருளே பெரும் பாரம் என்பதால் பயணிகள் கூடினால் 3 பேர், அத்தோடு கொஞ்சம் தபால். வழியில் ஜப்பானிய விமானங்களின் கண்ணில் படாமலிருக்க ஆபத்தான பகுதியை இருட்டில் கடந்தார்கள். வானொலியில் பேசவில்லை. நட்சத்திரங்களைப் பார்த்தே திசை அறிந்தார்கள். ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு தடவை உதிப்பதைக் கண்டதால் 'இரட்டைச் சூரிய உதயம்' என்று பெயர் வந்தது.

ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்கள். அவற்றில் மூன்று அரபியிலிருந்து வந்தவை: அல்டெயர், வேகா, ரைஜல். அல்டெயர் என்பது 'பறக்கும் கழுகு' என்ற அரபுப் பெயரின் மிச்சம். ரைஜல் என்பது 'ரிஜ்ல்', அதாவது கால். நட்சத்திரங்களைப் பதிந்து வைத்த நம் முன்னோரின் அறிவு அந்த இருட்டிலும் கூடவே பறந்தது.

1945 வரை 271 தடவை கடந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஒரு விபத்தும் இல்லை. இன்றைய ஜெட் விமானத்துக்கு அதே தூரம் ஏறத்தாழ 7 மணித்தியாலம்.

தூரம் மாறவில்லை, நேரம்தான் மாறியது. ஒன்று இயந்திரத்தின் வேகம். மற்றது யுத்தம். யுத்தம் வந்தால் பக்கத்து ஊரும் தூரமாகிவிடும். இது நமக்குத் தெரியாததா? திருகோணமலை போக வாகரை, வெருகல் வழியாகக் கரையோரப் பாதை இருந்தும், அது துண்டிக்கப்பட்டுக் கிடந்த காலத்தில் ஹபரணையைச் சுற்றித்தானே போனோம். நோயாளியும் அப்படித்தான், பரீட்சைக்குப் போன பிள்ளையும் அப்படித்தான்.

கொக்கலைப் பயணத்தின் மணிக்கணக்கை எழுதி வைத்தார்கள். நம் பயணங்களின் கணக்கை யார் எழுதினார்கள்? வீட்டில் வாப்பா, உம்மா, மூத்தம்மாவிடம் கேளுங்கள்: எந்த வழியாகப் போனீர்கள், எத்தனை மணித்தியாலம், எத்தனை சோதனைச் சாவடி? பிள்ளைகள் கொப்பியில் எழுதட்டும். அதுவும் வரலாறுதான்.