அறலும் ஆறும்

நிலத்தை அறுத்துக்கொண்டு ஓடுவதால் ஆறு: இந்த விளக்கத்துக்கு மேடையில் கைதட்டல் நிச்சயம். கெடு கேடு ஆவது போல, பெறு பேறு ஆவது போல, அறு ஆறு ஆயிற்றாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சங்கப் பாடல்களில் யாறு என்ற வடிவம் வருகிறது. அந்த யகரத்தை என்ன செய்வது? யானைக்குத் தெலுங்கில் ஏனுகு, யாண்டுக்கு ஏடு, யாற்றுக்கு ஏறு. மூன்றும் ஒரே தடத்தில் போகின்றன. அறு என்ற வினைக்கோ யகரம் இருந்த சுவடே இல்லை. ஆகவே ஆறு அதன் பிள்ளை அன்று.

அறுவின் சொந்தப் பிள்ளை அறல். பெறு பெறல், உறு உறல், அறு அறல். அரித்தலின் திரிபே அறல் என்பாரும் உண்டு. ரகரமும் றகரமும் அவர்களுக்கு ஒன்றுதான் போலும். விட்டுவிடுவோம். இதே குடும்பத்தில் அறுவை என்றொரு சொல். பழந்தமிழில் அது துணி, தறியிலிருந்து அறுத்தெடுத்தது. சங்கப் புலவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் ஜவுளி வியாபாரி. இன்றைய பொருளில் அவர் பெயரைப் படித்துச் சிரிக்க வேண்டாம்.

அகராதிகள் அறலுக்கு அறுகை, அரித்தோடுகை, நீர், கருமணல் என்று பொருள் அடுக்குகின்றன. சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும். பாறையிடம் கேட்டால் சம்பந்தம் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறை மழையிலும் வெயிலிலும் சிதையும்போது அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகி, கலங்கல் நீரோடு போய் வண்டலாகப் படிகிறது. குவார்ட்ஸ் கரையாமல் மணலாகிறது. கறுப்புத் தாதுவான இல்மனைட்டும் தப்பிப் பிழைக்கிறது. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, இல்மனைட்டுக்கு ஏறக்குறைய 4.7. நீர் வழிந்து திரும்பும்போதெல்லாம் வெளிர் மணலை இழுத்துப்போக, கனத்த கறுப்பு நெளிநெளியாகப் பின்தங்குகிறது. கூந்தலுக்குப் புலவர்கள் அறலை உவமை சொன்னதில் நெளிவும் வந்துவிட்டது, நிறமும் வந்துவிட்டது.

அறுக்கும் செயல், அறுக்கும் நீர், அறுபட்டு மிஞ்சிய மணல் மூன்றையும் ஒரே சொல் சுமக்கிறது. பாடநூலின் மண்ணரிப்பு முதலாவதோடு நின்றுவிடுகிறது. கருமணல் நிறத்தைச் சொல்லும் பெயர். அறல் அந்த மணல் உண்டான வழியைச் சொல்லும் பெயர் என்பது என் ஊகம். சொல்லுக்கு அது சான்றாகாது; ஆனால் மணலைப் பார்க்க விரும்புபவர்கள் கருமணல் படிந்த மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போய் ஒரு பிடி அள்ளிப் பார்க்கட்டும்.